பேரன் காலத்திலும் மங்காத படம்! வீட்டுக்கு எந்த பிரிண்டர் வாங்கலாம்?

ஒரு வீடு. கூடத்துச் சுவரில் 2 படங்கள் தொங்குகின்றன.

ஒன்று, தாத்தாவின் படம். கறுப்பு-வெள்ளைப் படம். 60 ஆண்டுகளுக்கு முன்பு ஸ்டூடியோவில் எடுத்தது. தாத்தாவின் மீசை முடிகூட இன்றும் தெளிவாகத் தெரிகிறது.

மற்றொன்று, அப்பா-அம்மா கல்யாணப் படம். கலர் படம். எடுத்து 45 ஆண்டுகூட ஆகவில்லை. ஆனால், அம்மா கட்டியிருந்த பச்சைப் பட்டு, இப்போது பழுப்பாகத் தெரிகிறது. முகங்கள் எல்லாம் செக்கச் சிவந்து போய்விட்டன.

பல குடும்பங்களில் இதுதான் நிலை. பழைய படம் நிற்கிறது. அதற்குப் பிறகு வந்த படம் போய்விடுகிறது!

ஏன் இப்படி?

கறுப்பு-வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளித் துகள். அது உலோகம். எளிதில் அழியாது. கலர் படத்தில் இருப்பது சாயம். துணிச்சாயம் வெளுப்பது போல இதுவும் வெளுக்கும். அந்தக் காலத்துக் கலர் காகிதங்களில், நீலப் பகுதியைத் தரும் சாயம் முதலில் போய்விட்டது. அதனால்தான் மிச்சம் இருப்பது சிவப்பாகத் தெரிகிறது.

இப்போது காலம் மாறிவிட்டது. செல்போனில் படம் எடுக்கிறார்கள். வீட்டிலேயே பிரிண்டர் வைத்து அச்சிட்டுக்கொள்கிறார்கள். அப்படி அச்சிட்ட படம் எத்தனை நாள் நிற்கும்?

ஒரே ஆண்டில் வெளுக்கும் படமும் உண்டு. நூறு ஆண்டு நிற்கும் என்று மதிப்பிடப்பட்ட படமும் உண்டு. எல்லாம் பிரிண்டரையும், மையையும், காகிதத்தையும் பொறுத்தது.

ஊசி முனையில் பிறந்தது

வீட்டில் போட்டோ அச்சிடும் பிரிண்டரில் மிகுதியாக இருப்பது "இங்க்ஜெட்" வகை. அதாவது, மையைத் துளித்துளியாகக் காகிதத்தில் பீய்ச்சும் எந்திரம்.

இதில் ஒரு வகை பிறந்த கதை சுவையானது.

1977-ம் ஆண்டு. ஜப்பானில் உள்ள கேனான் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். அங்கே, ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோல் ஒன்று, மை நிரப்பிய ஊசியின் மீது தற்செயலாகப் பட்டுவிட்டது. உடனே ஊசி முனையில் இருந்து மை பீறிட்டது! இச்சிரோ எண்டோ என்ற ஆராய்ச்சியாளர் இதைக் கவனித்தார். "சூடு பட்டால் மை பாயும் என்றால், இதைக் கொண்டே அச்சடிக்கலாமே!" என்ற யோசனை பிறந்தது.

எப்சன் கம்பெனி வேறு வழியைப் பிடித்தது. மின்சாரம் பாய்ந்தால் வளையும் ஒரு வகைப் படிகத்தை அது உபயோகித்தது. படிகம் வளைந்து மையை அழுத்தும். மை வெளியே தெறிக்கும். சூடு தேவை இல்லை.

இன்றைய போட்டோ பிரிண்டரில் ஒரு துளி எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு லிட்டர் மையை 1 லட்சம் கோடி பங்காகப் பிரியுங்கள். அதில் சில பங்குதான் ஒரு துளி! அதனால்தான் கண்ணுக்குப் புள்ளி தெரிவதில்லை. படம் மட்டுமே தெரிகிறது.

பாடகர் வாங்கிய எந்திரம்

அமெரிக்காவில் புகழ்பெற்ற பாடகர் கிரகாம் நாஷ். இங்கிலாந்தில் பிறந்தவர். போட்டோ எடுப்பதிலும், சேகரிப்பதிலும் அவருக்கு மிகுந்த ஆசை.

கம்ப்யூட்டரில் உள்ள படத்தை, கலைக்கூடத்தில் மாட்டும் தரத்தில் அச்சிட வேண்டும் என்று அவர் விரும்பினார். அப்போது "ஐரிஸ்" என்ற பெரிய எந்திரம் இருந்தது. அச்சகங்களில் மாதிரி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது அது. நாஷ் அதை வாங்கினார். தடித்த காகிதம் நுழைவதற்காக, அவரும் நண்பர் மேக் ஹோல்பர்ட்டும் எந்திரத்தின் ஒரு பாகத்தையே அறுத்து எறிந்தார்கள்! 1991-ம் ஆண்டில், கலிபோர்னியாவில் இதற்காகவே ஓர் அச்சுக்கூடம் திறந்தார்கள்.

படங்கள் அற்புதமாக வந்தன. ஆனால் ஒரு குறை. அந்த எந்திரத்தின் மை, மாதிரி பார்ப்பதற்கான மை. பார்த்துவிட்டுத் தூக்கிப் போடும் தாளுக்கு நீண்ட ஆயுள் எதற்கு? ஆகவே படங்கள் சீக்கிரம் வெளுத்தன.

நாஷின் அந்த எந்திரம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குச் சொந்தம். 2005-ல் அது அங்கே கொடுக்கப்பட்டது.

ஆரஞ்சு நிறமான படங்கள்

2000-ம் ஆண்டில் மற்றொரு சம்பவம். ஒரு பெரிய கம்பெனி புதிய வீட்டு பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. "படம் பல ஆண்டுகள் மங்காது" என்று சொல்லி விற்றார்கள். ஜனங்கள் ஆசையுடன் வாங்கினார்கள்.

சில வாரங்களிலேயே சிலருடைய படங்கள் ஆரஞ்சு நிறமாக மாறிவிட்டன!

வெயில் படவில்லை. தண்ணீர் படவில்லை. பிறகு எப்படி?

குற்றவாளி காற்றுதான்! காற்றில் "ஓசோன்" என்ற வாயு உண்டு. வாகனப் புகையும் வெயிலும் சேரும் ஊர்களில் அது கூடுதலாக இருக்கும். அந்த வாயு, மையின் நீலச் சாயத்தைத் தின்றுவிட்டது. கம்பெனி செய்த சோதனை, வெளிச்சத்துக்கு மட்டும்தான். காற்றை அது கணக்கில் எடுக்கவில்லை.

இதில் இருந்து ஒரு பாடம் கிடைத்தது. படத்துக்கு எதிரிகள் பலர்: வெளிச்சம், காற்று, ஈரம், சூடு.

படம் எத்தனை ஆண்டு நிற்கும் என்று சோதித்துச் சொல்வதையே வேலையாகக் கொண்டவர், ஹென்றி வில்ஹெல்ம் என்ற அமெரிக்கர். 1993-ல் இதுபற்றிப் பெரிய புத்தகம் வெளியிட்டார். அவருடைய சோதனைக்கூடத்தில் படங்களை மிகக் கடுமையான வெளிச்சத்தில் வைக்கிறார்கள். எவ்வளவு நாளில் மங்குகிறது என்று அளக்கிறார்கள். அதை வைத்து, சாதாரண வீட்டில் எத்தனை ஆண்டு நிற்கும் என்று கணக்கிடுகிறார்கள்.

நூறு ஆண்டு யாரும் காத்திருந்து பார்க்கவில்லை. ஆகவே இது கணக்குதான், சத்தியம் அல்ல. ஆனாலும், எது நல்லது, எது மட்டம் என்று ஒப்பிட்டுப் பார்க்க இது மிகவும் உதவும்.

சாயமா, காவியா?

பிரிண்டர் மையில் 2 வகை உண்டு.

ஒன்று, "டை" என்னும் சாய மை. சர்க்கரை தண்ணீரில் கரைவது போல, சாயம் முழுவதும் கரைந்திருக்கும். நிறம் பளபளப்பாக இருக்கும். விலையும் குறைவு. ஆனால் சாயத்தின் ஒவ்வோர் அணுத்திரளும் தனித்தனியாக நிற்பதால், வெளிச்சமும் காற்றும் எளிதில் தாக்கிவிடும்.

மற்றொன்று, "பிக்மென்ட்" என்னும் துகள் மை. கோவில் சுவரில் அடிக்கும் காவியைத் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். அது கரையாது. தூள் மிதக்கும். துகள் மையும் அப்படித்தான். ஒவ்வொரு துகளிலும் ஏராளமான அணுத்திரள்கள் கட்டியாகச் சேர்ந்திருக்கும். வெளிப்புறம் தாக்கப்பட்டாலும் உள்ளே இருப்பது பிழைத்துக்கொள்ளும். அதனால் நீண்ட காலம் நிற்கும்.

ஆகவே, பேரன் காலத்துக்கும் படம் இருக்க வேண்டும் என்றால் பிக்மென்ட் மைதான் முதல் தேர்வு.

கடையில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. "எல்லா மையும் பிக்மென்ட் மைதானா?" இப்படியே கேளுங்கள். மை ஊற்றும் டாங்க் வைத்த பல வீட்டு பிரிண்டர்களில், கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை. மற்ற நிறங்கள் சாய மை. "பிக்மென்ட் உண்டு" என்று கடைக்காரர் சொன்னால், அது பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல!

2. "எத்தனை மை?" சாதாரண பிரிண்டரில் 4. போட்டோவுக்கு 6 இருந்தால் நல்லது. உயர்ந்த ரகத்தில் 8, 10 என்று இருக்கும். உதாரணமாக, 2020-ல் வந்த கேனான் புரோ-300 பிரிண்டரில் 10 டப்பாக்கள் உண்டு. சாம்பல் நிற மை இருக்கிறதா என்றும் கேளுங்கள். தாத்தாவின் கறுப்பு-வெள்ளைப் படத்தைப் பிரதி எடுக்க அது அவசியம். இல்லாவிட்டால் தாத்தாவின் வெள்ளை வேட்டியில் பச்சையோ, ஊதாவோ சாயல் அடிக்கும்.

3. "எவ்வளவு பெரிய படம் வரும்?" ஆல்பத்துக்கு 4-க்கு 6 அங்குலம் போதும். சுவரில் மாட்ட ஏ-4 அளவு போதும். 13-க்கு 19 அங்குலம் அச்சிடும் பிரிண்டருக்கு விலையும் அதிகம். மேஜையில் இடமும் அதிகம் வேண்டும்.

4. "தடித்த காகிதம் நுழையுமா?" நல்ல போட்டோ காகிதம் அட்டை போல இருக்கும். அதைப் பின்பக்கத்தில் இருந்து மடங்காமல் செலுத்த வழி இருக்க வேண்டும்.

5. "ஒரு செட் மை என்ன விலை?" பிரிண்டர் விலையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. மாட்டை வாங்கியவன் தீவனத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டும் அல்லவா?

வாங்கத்தான் வேண்டுமா?

முழுவதும் பிக்மென்ட் மை உள்ள போட்டோ பிரிண்டர், ஒரு மோட்டார் சைக்கிள் விலையை நெருங்கும். மைச் செலவு தனி. அதோடு, பிரிண்டரைச் சும்மா வைத்திருக்கவும் கூடாது. மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்டால், மை காய்ந்து மைத்துளைகள் அடைத்துக்கொள்ளும். அடைப்பை நீக்குவதற்கே ஏராளமான மை செலவாகும்.

ஆகவே, ஆண்டுக்கு 10 அல்லது 20 படம்தான் என்றால் பிரிண்டர் வேண்டாம். பிக்மென்ட் மையில் அச்சிடும் ஸ்டூடியோவில் கொடுங்கள். அல்லது, போட்டோ லேபில் கலர் காகிதத்தில் போடச் சொல்லுங்கள். இந்தக் காலத்துக் கலர் காகிதம், அந்தக் காலத்துக் காகிதத்தைவிட எவ்வளவோ மேல்.

பள்ளிக்கூட வேலைக்கும், ஆல்பத்துக்கும் சேர்த்து ஒரு பிரிண்டர் வேண்டும் என்றால், டாங்க் வைத்த 6 மை பிரிண்டர் போதும். படங்களை ஆல்பத்தில் மூடி வைத்தால் சாய மையும் நீண்ட நாள் நிற்கும்.

வாரம் தவறாமல் படம் அச்சிடுகிறவர்களுக்குத்தான் பெரிய பிக்மென்ட் பிரிண்டர் லாபம்.

காகிதம் முக்கியம்

மை நல்லதாக இருந்து, காகிதம் மட்டமாக இருந்தால் பயன் இல்லை.

ஒரு பழைய பத்திரிகைத் தாளைச் சில நாள் வெயிலில் போட்டுப் பாருங்கள். மஞ்சளாகிவிடும். மரக்கூழில் உள்ள "லிக்னின்" என்ற பொருள்தான் காரணம். ஆகவே போட்டோவுக்கு "அமிலம் இல்லாதது" என்று எழுதிய காகிதமாகப் பார்த்து வாங்க வேண்டும். பருத்தியில் செய்த காகிதம் எல்லாவற்றிலும் உயர்ந்தது.

மலிவு மை விற்பவர்களிடமும் ஜாக்கிரதை! "இத்தனை ஆண்டு நிற்கும்" என்ற கணக்கு, குறிப்பிட்ட மையையும், குறிப்பிட்ட காகிதத்தையும் சேர்த்துச் சோதித்துச் சொன்னது. மையை மாற்றினால் அந்தக் கணக்கு செல்லாது.

படத்தைக் காப்பது எப்படி?

செல்போனில் நண்பர் அனுப்பிய படத்தை அப்படியே அச்சிடாதீர்கள். வாட்ஸ்-அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கி வருகிறது. அசல் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அச்சிட்ட படத்தை ஒரு நாள் முழுவதும் உலரவிட்டுக் கண்ணாடி போடுங்கள். கண்ணாடியில் படம் ஒட்டக்கூடாது. நடுவே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.

வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். மழையில் ஓதம் ஏறும் சுவர் வேண்டாம். சமையல் அறைப் புகையும் ஆகாது.

பெரியவர்கள் படத்துக்கு மாலை போடுவது வழக்கம். ஈர மாலையின் தண்ணீர், சட்டத்துக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தனம், குங்குமத்தைக் கண்ணாடி மீது மட்டும் வையுங்கள்.

பிரிண்டரை அதன் பொத்தானை அழுத்தியே நிறுத்துங்கள். சுவர் சுவிட்சை நேராக அணைத்தால் மைத்தலை மூடிக்கொள்ளாது. மை காய்ந்துவிடும். வாரம் ஒரு சிறு கலர் படமாவது அச்சிடுங்கள்.

காசில்லாச் சோதனை

உங்கள் பிரிண்டர் எப்படி? நீங்களே சோதிக்கலாம்.

ஒரு படத்தை அச்சிட்டு, அதை 2 துண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டை வெயில் படும் ஜன்னலில் ஒட்டுங்கள். மற்றொரு துண்டைக் கனமான புத்தகத்துக்குள் வைத்து மூடுங்கள்.

3 மாதம் கழித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நிறம் ஒன்றாக இருந்தால், தைரியமாக அம்மாவின் படத்தை அதில் அச்சிடலாம். வெளுத்திருந்தால், அந்த பிரிண்டரைப் பள்ளிக்கூட வேலைக்கு வைத்துக்கொண்டு, அம்மாவின் படத்தை ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போங்கள்.

பிரிண்டர் போனால் வேறு வாங்கலாம். அம்மாவின் பழைய முகம் போனால், எந்தக் கடையில் வாங்க முடியும்?