மூச்சு லேசானால் போதுமா?

நெஞ்சில் வீசிங் சத்தம் கேட்டால் பினாங்குத் தமிழ் வீடுகளில் முதலில் திறக்கப்படுவது கோடாலித் தைலம்தான். மார்பில் நன்றாகத் தேய்த்து, மூக்கடியில் கொஞ்சம் தொட்டு வைத்ததும், "இப்பப் பரவாயில்ல" என்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கைப்பையிலிருந்து நீல இன்ஹேலர் வெளியே வரும். இரண்டு அழுத்து அழுத்தி, மூச்சு லேசானதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஆஸ்துமாவில் மூச்சு லேசாவது வேறு, மூச்சுக்குழாயின் வீக்கம் வடிவது வேறு. நம் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று எப்படிச் சேதி அனுப்புகின்றன என்று மூலக்கூறு உயிரியலாளர்கள் பல ஆண்டுகளாகத் துருவிப் பார்த்ததில் தெளிவான விஷயம் இது. ஆய்வுக்கூடத்துச் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று தள்ளிவிட முடியாது. எந்த இன்ஹேலரை எப்போது எடுப்பது என்ற கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

தைலம் சொல்லும் பொய்

தைலத்தில் உள்ள மெந்தால் மூக்கிலும் தோலிலும் இருக்கும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பியைத் தொடுகிறது. உண்மையில் குளிர்ந்த காற்று பட்டால் விழித்துக்கொள்ளும் ஏற்பி இது. மெந்தால் பட்டதும் 'குளிர்காற்று உள்ளே போகிறது' என்று மூளைக்குச் சேதி போகிறது. மூச்சு தாராளமாக வருவதாக நமக்கும் தோன்றுகிறது. ஆனால் குழாயின் அகலம் அப்படியேதான் இருக்கிறது. இந்த ஏற்பியை 2002-இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவரும் வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகள் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

தலைவலிக்குத் தைலம் தேய்ப்பதில் குற்றமில்லை. வீசிங்கை அதைக் கொண்டு சமாளிக்கப் பார்ப்பதுதான் ஆபத்து. சிலருக்கு அந்தக் காரமான வாசனையே இழுப்பைக் கிளப்பிவிடும். கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலத்தைக் கைக்குழந்தையின் மூக்கருகே கொண்டுபோகவே கூடாது.

நீல இன்ஹேலர் செய்யும் வேலை

நீல இன்ஹேலரில் இருப்பது சல்பூட்டமால். 1969 முதல் சந்தையில் இருக்கும் மருந்து. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை உயிரணுவின் மேல் பீட்டா-2 என்ற ஏற்பி இருக்கிறது. மருந்து அதில் போய் உட்கார்ந்ததும், உட்புறம் காத்திருக்கும் ஜி புரதம் விழித்துக்கொள்கிறது. அது ஒரு நொதியைத் தூண்ட, உயிரணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறு பெருகுகிறது. இறுகியிருந்த தசை தளர்கிறது. இத்தனையும் ஐந்து நிமிடத்துக்குள் நடந்துவிடுகிறது.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு நோபல் பரிசு உண்டு. ஏர்ல் சதர்லாந்து 1971-இல், ஆல்ஃபிரட் கில்மனும் மார்ட்டின் ராட்பெல்லும் 1994-இல், ராபர்ட் லெஃப்கோவிட்சும் பிரையன் கோபில்காவும் 2012-இல் பெற்றார்கள். கோபில்கா இளம் ஆய்வாளராக லெஃப்கோவிட்சின் கூடத்தில் சேர்ந்து பீட்டா-2 ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தவர். பிறகு அந்த ஏற்பியின் உருவத்தைக் காண்பதே அவருடைய வேலையாகிப் போனது. 2007-இல் அதன் வடிவம் தெரிந்தது. 2011-இல் ஏற்பியும் ஜி புரதமும் கைகோத்து நிற்கும் நிலையையே படமாக்கிக் காட்டினார்.

அடிக்கடி எடுத்தால் என்ன ஆகும்?

லெஃப்கோவிட்ஸ் கூடத்தின் இன்னொரு கண்டுபிடிப்புதான் நோயாளிகளுக்கு நேரடியாகப் பயன்படுவது. ஏற்பியை ஓயாமல் தூண்டினால் பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் வந்து அதைத் தடுத்து நிறுத்துகிறது. பிறகு ஏற்பியே உயிரணுவின் உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகிறது. வாசலில் விடாமல் காலிங் பெல் அடித்தால் வீட்டுக்காரர் வயரைப் பிடுங்கிவிடுவார் இல்லையா, அதே கதைதான். நீல இன்ஹேலரை மட்டுமே நம்பி அடிக்கடி அழுத்துகிறவர்களுக்கு அதன் பலன் குறைந்துகொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதைவிட முக்கியமாக, சல்பூட்டமால் தசையைத் தளர்த்துமே தவிர, குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தைத் தொடாது. இதனால்தான் உலக ஆஸ்துமா வழிகாட்டியான 'கினா' 2019-இல் தன் ஆலோசனையை மாற்றியது. பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுக்கக்கூடாது, ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் கட்டாயம் கூட இருக்க வேண்டும் என்றது. ஒரு டப்பாவில் 200 அழுத்துகள். ஆண்டுக்கு மூன்று டப்பாவோ அதற்கு மேலோ தீர்கிறது என்றால் கடுமையான இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. பன்னிரண்டு என்றால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. பார்மசியில் மருந்தாளரைக் கேட்டால் கிடைத்துவிடுகிற பொருள் என்பதால் நம்மில் யாரும் இந்தக் கணக்கை வைப்பதில்லை. வாங்கிய தேதியை டப்பாவின் மேல் பேனாவால் எழுதிவைத்தால் போதும், கணக்கு தானாகவே தெரிந்துவிடும்.

மெத்தைக்குள் இருப்பவர்கள்

வீக்கத்தைத் தொடங்கி வைப்பது யார்? நம் ஊரில் பெரும்பாலும் தூசு உண்ணிகள். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சிகளுக்கு ஈரக்காற்று வேண்டும். பினாங்கின் ஈரப்பதமோ ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் மாடியறைப் பஞ்சு மெத்தை அவற்றுக்குச் சொர்க்கம். புதிய அடுக்குமாடி வீட்டின் சோபாவும் மோசமில்லை.

உண்ணியின் கழிவில் உள்ள ஒரு புரதம் வெறும் அழுக்கு அல்ல, நொதி. மூச்சுக்குழாயின் உள்தோல் உயிரணுக்களை ஒட்டவைத்திருக்கும் இணைப்புகளை அது வெட்டுகிறது. அடிபட்ட உயிரணுக்கள் டிஎஸ்எல்பி, இன்டர்லூகின்-33 போன்ற அபாயச் சேதிகளை வெளியிடுகின்றன. நோய் எதிர்ப்பு அணுக்கள் ஓடிவந்து இன்டர்லூகின்-5, 13 என்று பதில் அனுப்புகின்றன. ஒன்று ஈசினோபில் என்ற வெள்ளையணுக்களைத் திரட்டுகிறது, மற்றொன்று சளியைப் பெருக்குகிறது. இந்தச் சேதிகளைப் பாதி வழியில் மறிக்கும் ஊசிமருந்துகள் இப்போது கடுமையான ஆஸ்துமாவுக்கு வந்திருக்கின்றன. விலை கையைச் சுடும், எல்லோருக்கும் தேவையும் இல்லை.

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவைப்பது எல்லோராலும் முடியும். சாம்பிராணிப் புகையும் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். வெள்ளிக்கிழமைப் புகை போடும்போது ஆஸ்துமாக்காரர் வெளித்திண்ணையில் இருக்கட்டும், ஜன்னலும் திறந்திருக்கட்டும். சாமி கோபித்துக்கொள்ளாது.

ஸ்டீராய்டு என்றால் பயமா?

தடுப்பு இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு உயிரணுவின் மேற்பரப்பில் நிற்பதில்லை. உள்ளே புகுந்து தன் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்கே போய், வீக்கம் கிளப்பும் மரபணுக்களை அடக்குகிறது. அதனால் பலன் தெரியச் சில நாட்களாகும். "அடிச்சேன், ஒண்ணும் தெரியல" என்று பலர் மேசை டிராயரில் போட்டுவிடுவது இந்தத் தாமதத்தால்தான். பீட்டா-2 ஏற்பிகளைக் கூடுதலாக உற்பத்தி செய்ய வைப்பதும் இதே ஸ்டீராய்டுதான். அதாவது நீல இன்ஹேலர் வேலை செய்யவும் இதுவே துணை நிற்கிறது.

பயப்பட வேண்டியதில்லை, அளவோ ஸ்டீராய்டு மாத்திரையில் உள்ளதைவிட மிகச் சிறியது. எடுத்தபின் வாய் கொப்புளித்துத் துப்பினால் வாய்ப்புண் வரும் வாய்ப்பு குறையும். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை இறுக்கி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, பத்து வினாடி அடக்கவேண்டும். இது கைவராதவர்களுக்கு ஸ்பேசர் குழாய் உண்டு. அதைச் சோப்பு நீரில் அலசித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பாகற்காய் தின்றால் ஆகாதா?

2010-இல் அமெரிக்காவில் ஸ்டீபன் லிகெட்டின் கூடத்தில் தீபக் தேஷ்பாண்டேயும் மற்றவர்களும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். நாக்கில் இருக்கும் கசப்பு ஏற்பிகள் மூச்சுக்குழாய்த் தசையிலும் இருக்கின்றன. கசப்புப் பொருள் பட்டதும் குழாய் சுருங்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள், அதுவோ விரிந்தது. சேதி கேட்டதும் பாகற்காய்க்கும் நிலவேம்புக்கும் கை நீளும் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஆய்வில் கசப்புப் பொருள் தசையின் மேல் நேராகப் பட்டது. சாப்பிட்ட கசப்பு அந்த அளவில் அங்கே போய்ச் சேராது. பாகற்காயைக் கறிக்காகவே சமையுங்கள்.

புகைமூட்டம் வந்தால்

1997, 2015, 2019 ஆண்டுகளின் புகைமூட்டம் மறந்திருக்காது. காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற காற்று. அந்த நாட்களில் ஆஸ்துமாக்காரர்கள் எஸ்பிளனேட் நடையை ஒத்திப்போடலாம். தடுப்பு இன்ஹேலரை நிறுத்தக்கூடாது. வெளியே போக வேண்டியிருந்தால் என்95 கவசம் அணியுங்கள். மஞ்சூரியாவில் 1910-11 நுரையீரல் பிளேக்கின்போது துணிக்கவசத்தைப் பரப்பிய டாக்டர் வூ லியன்-தே பினாங்கில் பிறந்தவர்தான்.

எல்லா இளைப்பும் ஆஸ்துமா அல்ல. நாற்பது தாண்டிய, புகைபிடித்த பழக்கமுள்ளவருக்கு இளைப்பு என்றால் அது ஆஸ்துமாவாக இல்லாமல் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாகவும் இருக்கலாம். ஸ்பைரோமெட்ரி என்ற நுரையீரல் சோதனையில் ஊதிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, நீல இன்ஹேலர் எடுத்தும் அடங்கவில்லை அல்லது நான்கு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்கவிடாமல் நிமிர்த்தி உட்காரவையுங்கள். உதவி வரும்வரை ஸ்பேசர் வழியாக நீல மருந்தைத் தொடருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா இன்ஹேலர்களையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். எது எத்தனை தீர்ந்திருக்கிறது என்பதை டாக்டர் முதலில் கேட்பார்.