புரோகிராம் நின்னுடுச்சு, ஹீட்டர் நிக்கலையே!

ஒய்பிசிஓ என்கிற செராமிக் துண்டு ஒன்று உங்கள் கையில் இருக்குன்னு வெச்சுக்குங்க. 1987ல் வந்த மீக்கடத்தி இது. சுமார் 92 கெல்வினுக்குக் கீழே போனால் மின்தடை பூஜ்யம். திரவ நைட்ரஜன் கொதிப்பதே 77 கெல்வினில் என்பதால், விலை எகிறும் திரவ ஹீலியம் இல்லாமலே பார்த்துடலாம். 80 முதல் 110 கெல்வின் வரை அரை அரை கெல்வினாக ஏற்றி மின்தடையைக் குறிக்கணும். மொத்தம் 61 அளவீடு. இதைக் கையால் செய்ய யாருக்குப் பொறுமை? பைத்தானிடம் விட்டுடலாம்.

வெப்பநிலையைக் கவனிக்க லேக் ஷோர் 335 மாதிரி ஒரு கன்ட்ரோலர், அதோடு பேச பைவீசா லைப்ரரி. இணைத்தும் பதில் வரலையா? கேபிளைத் திட்டும் முன் செட்டிங்கைப் பாருங்க. இந்தக் கருவியின் யுஎஸ்பி, நிஜத்தில் பழைய சீரியல் போர்ட்தான்: 57,600 பாட், 7 டேட்டா பிட், ஆட் பாரிட்டி. பைவீசா தானாக எடுத்துக்கொள்வதோ 9,600, 8 பிட், பாரிட்டி கிடையாது. மாற்றாவிட்டால் டைம்அவுட்தான்.

அப்புறம் சுலபம். 'கேஆர்டிஜி? ஏ' என்று கேட்டால் ஏ சென்சாரின் வெப்பநிலை வரும். 'ரேஞ்ச் 1,1' ஹீட்டரை லோவில் போடும். 'செட்பி 1,90' என்றால் 90 கெல்வினுக்குப் போ. ஆனா சொன்னதும் போயிடாது. ஒரு நிமிஷமாவது அளவு அசையாமல் நிக்குதான்னு லூப்பில் பார்த்துட்டுத்தான் மின்தடையை எடுக்கணும். கரண்ட்டைத் திருப்பி விட்டும் ஒரு தடவை அளந்துடுங்க. ஒரு முனை சூடு, ஒரு முனை குளிர் என்று இருக்கிற ஒயரில் தானாகப் பிறக்கும் வோல்டேஜ் கழிஞ்சிடும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 37வது அளவீட்டில் ஏதோ எரர் வந்து புரோகிராம் செத்துப்போச்சு. கன்ட்ரோலருக்கு அது தெரியாது. கடைசியாகச் சொன்ன 98 கெல்வினைப் பிடிச்சுக்கிட்டு ஹீட்டரை ஓட்டிக்கிட்டே இருக்கும், நைட்ரஜனும் வீணாக ஆவியாகும். அதனால அளவிடும் வரிகள் எல்லாம் 'ட்ரை'க்குள் இருக்கட்டும். 'ஃபைனலி'யில் 'ரேஞ்ச் 1,0', அதாவது ஹீட்டர் ஆஃப்.

போதுமா? போதாது. லேப்டாப் நடுராத்திரியில் அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆனால் 'ஃபைனலி' ஓடவே ஓடாது. அதைவிட மோசம், ஏ சென்சார் ஒட்டு விட்டுப்போவது. அது குளிராகவே காட்டும், கன்ட்ரோலர் ஹீட்டரை இன்னும் முறுக்கும், உங்கள் பைத்தானும் அதை அப்படியே நம்பும். ஆகவே காவலைக் கருவிக்குள்ளேயே வைங்க: ஹீட்டர் பக்கத்தில் பி சென்சார், அதுக்கு 'டிலிமிட் பி,150'. பி அதைத் தாண்டினால் கன்ட்ரோலரே ஹீட்டரை நிறுத்திடும்.

நைட்ரஜன் ஊற்றும் முன், அறை வெப்பநிலையிலேயே சோதிச்சுடுங்க. எல்லையை 305, இலக்கை 310 என்று வெச்சு ஹீட்டரைப் போட்டு, யுஎஸ்பி கேபிளை உருவிட்டு, டிஸ்ப்ளேயைப் பார்த்துக்கிட்டே நில்லுங்க. பி சென்சார் 305ஐத் தாண்டியும் ஹீட்டர் அணையலைன்னா, அன்னிக்கு நைட்ரஜன் கேனைத் திறக்காதீங்க.