வழிகாட்டும் கருவி: பழையது பழுதானால் எதை வாங்குவது?

கோடை விடுமுறைக்குத் தென்னாடு செல்ல ரயிலில் இடம் கிடைக்காமல் தவிக்கும் குடும்பங்கள் நம் நாகபுரியில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் நாமே இதை எழுத நேர்வது சற்றுச் சங்கடந்தான். இடம் கிடைக்காதவர்கள் சொந்தக் காரில் புறப்பட்டுவிடுகிறார்கள். ஹைதராபாத், கர்நூல், பெங்களூர், சேலம் வழியாக மதுரை சென்று சேர ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். ரயிலுக்கு இந்தக் கவலை இல்லை. தண்டவாளம் விட்டதே வழி. சாலையில் செல்பவருக்கோ ஒவ்வொரு கூட்டு ரோட்டிலும் ஒரு கேள்வி காத்திருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கும் ஜி.பி.எஸ். கருவியை நம்மவர் பலர் ஆசையோடு வாங்கினார்கள். இன்று அவற்றுள் பெரும்பாலானவை படுத்துவிட்டன. சிலவற்றில் பேட்டரி உப்பிவிட்டது. சிலவற்றில் திரை தொட்டால் அசைவதில்லை. இன்னும் சில, தேதியை இருபது ஆண்டு பின்னுக்குத் தள்ளிக் காட்டுகின்றன. இந்தக் கடைசிக் கோளாற்றின் காரணம் வேடிக்கையானது. செயற்கைக்கோள்கள் வாரங்களை 0 முதல் 1,023 வரை எண்ணி, பிறகு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. அவ்வாறு 1999 ஆகஸ்டில் ஒரு முறையும், 2019 ஏப்ரலில் மறுமுறையும் எண்ணிக்கை திரும்பியது. அதை அறியும்படி புதுப்பிக்கப்படாத கருவிகள் அன்றோடு குழம்பிப் போயின. அத்தகைய கருவியைப் பழுது பார்க்கப் பணம் செலவழிப்பது வீண்.

கருவி நலமாக இருந்தாலும் அதனுள் இருக்கும் வரைபடம் கிழடு தட்டியிருக்கலாம். நாகபுரியிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 7 என்று வழங்கியது. 2010இல் எண்கள் மாற்றி அமைக்கப்பட்டபின் அது 44 ஆயிற்று. பழைய கருவி ‘7’ என்று காட்ட, வழிப்பலகை ‘44’ என்று நிற்க, ஓட்டுபவர் நள்ளிரவில் திகைக்கிறார். கடைக்குச் செல்லும் அன்பர்களுக்கு நாம் ஒரு சோதனை சொல்லுவோம். நாகபுரி - மும்பை சம்ருத்தி விரைவுச் சாலை 701 கிலோமீட்டர் நீளமுடையது; 2022 டிசம்பரில் ஷீரடி வரையிலும், 2025 ஜூனில் முழுமையாகவும் திறக்கப்பட்டது. விலைபேசும் கருவியில் அந்தச் சாலை முழுவதும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், ‘புத்தம் புதிய வரைபடம்’ என்று கடைக்காரர் கூறுவதைக் கேட்டுப் புன்னகை செய்துவிட்டு வந்துவிடலாம்.

வரைபடம் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. இந்திய நாட்டை அளந்த பெரும் பணியை 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய லாம்டன் என்பார், 1823இல் நமக்குத் தெற்கே, இதே 44ஆம் எண் சாலையில் உள்ள ஹிங்கன்காட்டில் காலமானார். நாம் ஒரு மணி நேரத்தில் காரில் கடந்துவிடும் தூரத்தை அவருடைய ஆட்கள் சங்கிலியும் தியோடலைட்டும் சுமந்து அளந்தார்கள்!

இனி, எதை வாங்குவது? தனிக் கருவி, காரின் முகப்பிலேயே பொருத்தும் திரை, கைபேசி என மூன்று வழிகள் உள்ளன. ‘கைபேசி இருக்க மற்றவை எதற்கு?’ என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் இருக்கும் இடத்தை அறிவதற்கு இண்டர்நெட் தேவையில்லை. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள்களில் நான்கேனும் கண்ணுக்கு எட்டினால் கருவி தன் இடத்தைக் கணித்துக்கொள்ளும். அதற்குக் கட்டணமும் இல்லை. சிம் கார்டு இல்லாத கைபேசியும் இதைச் செய்யும். இண்டர்நெட் வேண்டுவது வரைபடத்திற்கும் போக்குவரத்து நெரிசலின் நிலவரத்திற்குமே. ஆதலால் புறப்படுமுன் வீட்டிலேயே, வழியில் உள்ள மாநிலங்கள் அனைத்தின் வரைபடங்களையும் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், காட்டுப் பகுதியில் டவர் இல்லாவிட்டாலும் வழி தவறாது. இறக்கிய படங்களுக்கும் ஆயுள் உண்டு. போன கோடையில் இறக்கியதை நம்பி இந்தக் கோடையில் கிளம்பலாகாது.

கைபேசியின் உண்மையான எதிரி நம் ஊர் வெயில். மே மாதத்தில் நாகபுரியில் 45 டிகிரி சாதாரணம். விலையுயர்ந்த ஐபோனுக்கே 35 டிகிரி வரையில்தான் தகுந்த சூழல் என்று அதைச் செய்தவர்கள் கூறுகிறார்கள். முன்கண்ணாடியில் வெயில் நேரே படும்படி ஒட்டினால் திரை மங்கும், பிறகு தானே அணைந்துவிடும். அதுவும் சரியாக ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் எந்த வழியில் இறங்குவது என்று தேடும் நேரத்தில்! குளிர்காற்று வரும் துவாரத்தின் முன் மாட்டும் தாங்கியே உத்தமம். சார்ஜர் 2 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கட்டும். மலிவான சார்ஜர் ஏற்றுவதைவிடத் திரை செலவழிப்பது மிகுதி. கருவி எதுவானாலும், நிறுத்திய காருக்குள் வெயிலில் விட்டுச் செல்லாதீர்கள். பழைய பேட்டரிகள் உப்புவதற்கு அது முக்கிய காரணம்.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை ஊர் செல்லும் குடும்பத்திற்குத் தனிக் கருவி தேவையில்லை என்பது நமது கருத்து. வீட்டில் ஒதுக்கி வைத்த பழைய கைபேசியின் பேட்டரி நன்றாக இருந்தால், அதில் வரைபடங்களை நிரப்பிக் காருக்கென்றே வைத்துவிடலாம். பேசுவதற்குரிய கைபேசி தனியாக இருக்கட்டும். திருப்பத்தின் போது மாமியார் அழைப்பு வந்து வழியை மறைக்காது. புதிதாக வாங்குபவர்கள் ஜி.பி.எஸ். மட்டுமன்றி மற்ற நாட்டுக் கோள்களையும், 2013 முதல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டு வரும் நமது நாவிக் கோள்களையும் ஏற்கும் கைபேசியா என்று கேட்டு வாங்கலாம். மாதந்தோறும் நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கும் டாக்சி வைத்திருப்பவர்களுக்கும் முகப்பில் பதிக்கும் திரை பொருந்தும். அதில் வாங்குமுன் பார்க்க வேண்டியது, வரைபடம் அதனுள்ளேயே தங்குமா, அல்லது கைபேசியை ஒட்டித்தான் இயங்குமா என்பதே.

அமெரிக்காவிலிருக்கும் மகனோ மருமகனோ கருவியை வாங்கி அனுப்புவதாகச் சொன்னால் சற்று யோசியுங்கள். அதில் இந்திய வரைபடம் இல்லாமற்போகலாம். தனியே வாங்க நேரும். மேலும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வகைக் கருவிகளை அனுமதியின்றி நம் நாட்டில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களில் அத்தகைய கருவிகளோடு வந்த வெளிநாட்டார் 2024இல் கைதானதுண்டு.

ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுப்பது தண்டனைக்குரியது. வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் விதி திருத்தப்பட்டிருக்கிறது. வழி சொல்லும் குரலைத் தமிழில் வைத்துக்கொண்டால் திரையைப் பார்க்க வேண்டியதே இல்லை; பின் ஆசனத்தில் அமர்ந்த பாட்டியும் ‘இடப்பக்கம் திரும்பச் சொல்லுகிறதே, கேட்கவில்லையா?’ என்று உதவிக்கு வருவார். ஊர்ப் பெயரில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தமிழ்நாட்டில் புதூர்கள் எத்தனை, மேலப்பட்டிகள் எத்தனை! தாலுக்காவின் பெயரையோ பின்கோடு எண்ணையோ சேர்த்துத் தேடுங்கள். அதனினும் நல்லது, ஊரிலுள்ளோர் வீட்டு வாசலில் நின்று தம் இருப்பிடத்தைக் கைபேசியில் அனுப்பிவைப்பது.

எந்தக் கருவியும் அறியாதவை சில உண்டு. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் ராமகங்கை ஆற்றின் மேல், வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்திலிருந்து கார் ஒன்று கீழே விழுந்து மூவர் மாண்டனர். வழிகாட்டி காட்டிய பாதையில் அவர்கள் சென்றதாகப் பத்திரிகைகள் எழுதின. பாலத்தில் தடுப்பும் போதுமானதாக இல்லை. குறுக்கு வழியில் இருபது நிமிடம் மிச்சமாகும் என்று இரவில் கருவி ஆசை காட்டினால், நெடுஞ்சாலையை விட்டு இறங்காதீர்கள். மைசூர் வழியாக நீலகிரி செல்பவர்கள் கவனிக்க: பந்திப்பூர் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை அடைக்கப்படுகிறது. சத்தியமங்கலத்துத் திம்பம் மலைப்பாதைக்கும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு உண்டு. அங்கே நள்ளிரவில் போய் நிற்பதைவிட, முன்னதாகவே ஓர் ஊரில் தங்கிவிடலாம்.

புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே புதிய கருவியை நகருக்குள் நாலைந்து முறை ஓட்டிப் பாருங்கள். குறையிருந்தால் கடையில் மாற்றிக்கொள்ள நாள் இருக்கும். வழியில் வரும் பெரிய ஊர்களின் பெயர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதி, காரின் முன்பெட்டியில் போட்டு வையுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் தாள் படிக்கக் கிடைக்கும்.