23 நகர்த்தலில் ஒரு வெற்றி

செபராங் ஜெயாவில் செஸ் போட்டிக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கு "ஷார்ப் ஓப்பனிங்" என்ற சொல் பழக்கமாக இருக்கும். அமைதியான தொடக்கத்தில் தப்பு செய்தாலும் பிறகு திருத்திக்கொள்ளலாம். கூர்மையான தொடக்கம் அப்படியல்ல. பத்துப் பதினைந்து நகர்த்தலுக்குள் காய்கள் மோதும். ராஜாவின் வாசல் திறந்துகொள்ளும். ஒன்று பிசகினாலும் ஆட்டம் கைவிட்டுப் போகும்.

2013 ஜனவரி 15, நெதர்லாந்தின் விக் ஆன் சீ. வெள்ளைக் காய்களுடன் ஆர்மீனியாவின் லெவோன் அரோனியன். கறுப்புடன் அப்போதைய உலகச் சாம்பியன், நம் விஸ்வநாதன் ஆனந்த். தொடக்கம் 'மெரான்' என்ற கூர்மையான வகை.

13ஆவது நகர்த்தலில் அரோனியனின் குதிரை, ஆனந்தின் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை வெட்டி, யானைக்கும் குறி வைத்தது. ஆனந்த் அந்தக் குதிரையை வெட்டவில்லை, யானையையும் நகர்த்தவில்லை. தன் குதிரையை வெள்ளை ராஜாவின் அருகே பாய்ச்சினார். 15ஆவதில் பிஷப்பை, 16ஆவதில் இன்னொரு குதிரையை, சிப்பாய் வெட்டக்கூடிய கட்டங்களிலேயே கொண்டுபோய் வைத்தார்.

16ஆவதில் வைத்த அந்தக் குதிரையை ராஜா பக்கத்துச் சிப்பாயால் வெட்டினால் என்ன ஆகும்? கறுப்பு ராணி நடுச் சிப்பாயை வெட்டி 'செக்' வைக்கும். ராஜா மூலைக்கு ஒதுங்கும். ராணி அதன் பக்கத்திலேயே போய் நிற்கும். பிஷப் காவல் இருப்பதால் ராஜாவால் வெட்ட முடியாது, யானைதான் வெட்டவேண்டும். உடனே குதிரை பாயும். தன் காய்களே வழியை அடைத்து நிற்க, ராஜா 'மேட்'! அரோனியன் அந்த வலையில் விழவில்லை. பிஷப்பால் மற்றக் குதிரையை வெட்டினார். ஆனாலும் ஆனந்தின் தாக்குதல் ஓயவில்லை. 23ஆவது நகர்த்தலோடு அரோனியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

பார்ப்பவருக்கு இது அசட்டுத் துணிச்சலாகத் தெரியலாம். உண்மையில் இது வீட்டுப்பாடம். 2012இல் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபண்டுடன் ஆடிய உலகப் பட்டப் போட்டிக்காகத் தயாரித்த யோசனை, அடுத்த ஆண்டு கைகொடுத்தது. அதன் வேர் இன்னும் பழையது. 1907இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை அகிபா ரூபின்ஸ்டைன் வென்ற புகழ்பெற்ற ஆட்டத்தின் சாயல் இதில் அப்படியே தெரிகிறது. மெரான் தொடக்கத்துக்குப் பெயர் தந்ததும் 1924இல் அதே பெயருள்ள இத்தாலிய ஊரில் ரூபின்ஸ்டைன் ஆடிய ஆட்டம்தான்.

ஆகவே, கூர்மையான தொடக்கத்தை நகர்த்தல் வரிசையாக மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். இந்த ஆட்டத்தைப் பலகையில் அடுக்கி, 16ஆவது நகர்த்தலில் நிறுத்துங்கள். அந்தக் குதிரையைச் சிப்பாயால் வெட்டிப் பாருங்கள். ஏன் வெட்டக்கூடாது என்பது உங்கள் கைக்கே புரிந்துவிட்டால், அந்தத் தொடக்கம் உங்களுடையது.