கணக்கெடுக்க வந்த பயணி

கௌதள்ளி வழியே போன ஸ்காட்லாந்து டாக்டர் ஒருவரின் டைரி, 200 வருடங்கள் கழித்தும் சரித்திர ஆய்வாளர்களுக்குச் சோறு போடுகிறது.

கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், ஹனூரைத் தாண்டியதும் வரும் ஊர் கௌதள்ளி. மலைக்குப் போகும் பக்தர்களுக்கு இது வழியில் கடக்கும் ஓர் ஊர், அவ்வளவுதான். 1990-களில் இந்தக் காட்டுப்பகுதி செய்திகளில் அடிபட்டது வீரப்பனால். ஆனால் கௌதள்ளி அதற்கு வெகுகாலம் முன்பே, 1807-ல் லண்டனில் வெளியான ஒரு பயணநூலில் இடம்பெற்றுவிட்டது. எழுதியவர் ஃபிரான்சிஸ் புக்கானன்.

1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். கோவையும் கொள்ளேகாலமும் கிழக்கிந்தியக் கம்பெனி வசமாயின. புதிய நிலத்தில் என்ன விளையும், என்ன தொழில் நடக்கிறது, எவ்வளவு வருமானம் வரும்? கம்பெனிக்கு விவரம் தேவைப்பட்டது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி புக்கானனை அனுப்பினார். பொருத்தமான ஆள்தான். மருத்துவர், தாவரவியலில் தேர்ந்தவர். 1795-ல் பர்மிய அரசவைக்குப் போன தூதுக்குழுவில் இருந்தவர். 1798-ல் சிட்டகாங் மலைப்பகுதிகளைச் சுற்றியவர்.

1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பியவர், 1801 ஜூலையில்தான் திரும்பினார். மைசூர், கோவை, மலபார், கன்னடக் கடற்கரை என்று சுற்றினார். மைசூர் பீடபூமியிலிருந்து காவேரிபுரம் கணவாய் வழியாகத் தமிழ்ச் சமவெளிக்கு இறங்கும்போதுதான் கௌதள்ளி அவர் பாதையில் வந்தது.

அவரது எழுத்தில் இயற்கை வர்ணனை குறைவு, விவரம் அதிகம். கேழ்வரகை எப்படி விதைக்கிறார்கள், இரும்பை எப்படி உருக்குகிறார்கள், தறியில் என்ன நெய்கிறார்கள், ஊருக்கு ஊர் மாறும் படியும் எடையும் எவ்வளவு, எந்தச் சாதிக்கு என்ன வழக்கம் என்று எதையும் விடவில்லை. பயணம் முடிந்த பின் யோசித்து எழுதிய நூல் அல்ல இது. அன்றன்று எழுதிய நாட்குறிப்பு அதே வடிவில் மூன்று தொகுதிகளாக அச்சானது.

சிக்கலும் இதில்தான். கேள்வி கேட்டவர் புதிய எஜமானர்களின் ஆள். விளைச்சலை உள்ளபடி சொன்னால் வரி ஏறுமோ என்று பயப்பட விவசாயிக்குக் காரணம் இருந்தது. உரையாடலும் துபாஷிகள் மூலம்தான். திப்புவைப் பற்றிய அவரது தீர்ப்புகளில் வெற்றி பெற்றவர்களின் குரல் கேட்கிறது. ஆகவே இந்த டைரியைச் சாட்சியாக எடுப்பவர்கள் குறுக்கு விசாரணை செய்தே ஆகவேண்டும்.

புக்கானன் அதோடு நிற்கவில்லை. 1802-ல் நேபாளம் போனார். 1807 முதல் 1814 வரை வங்காளத்தையும் பிகாரையும் அலசினார். 1829-ல் ஸ்காட்லாந்தில் இறந்தார்.

அவர் பார்த்த நிலம் பலமுறை கைமாறிவிட்டது. 1934-ல் முடிந்த மேட்டூர் அணையின் நீர், காவேரிபுரம் பக்கம் பல கிராமங்களை மூழ்கடித்தது. சென்னை மாகாணத்தின் கோவை மாவட்டத்தில் இருந்த கொள்ளேகாலம், 1956-ல் மைசூர் மாநிலத்துக்குப் போனது. 1997-ல் மைசூர் மாவட்டம் பிரிந்து சாமராஜநகர் உருவானபோது கௌதள்ளியும் அதில் சேர்ந்தது.

ஆட்சிகள் மாறின, எல்லைகள் மாறின. சாதாரண விவசாயி 1800-ல் என்ன விதைத்தார், என்ன கொடுத்தார் என்று இன்று அறிய விரும்புகிறவர்கள், அவரிடம் வரி வாங்க வந்த கம்பெனியின் ஆள் எழுதிய டைரியைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.