மூடியைத் திறந்து பார்த்தவர்கள்

ஏற்காட்டில் ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கத்து டீக்கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலை நின்றால் இரண்டு வகைப் பேச்சு காதில் விழும். பெங்களூரிலிருந்து காரில் வந்திறங்கும் மென்பொருள்காரர்கள், எந்த ஏ.ஐ. எத்தனை பேர் வேலையைத் தின்னப்போகிறது என்று கணக்குப் போடுவார்கள். காபித் தோட்டத்திலும் தங்கும் விடுதிகளிலும் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பையன்கள் பேசுவது வேறு. போனில் வந்த தலைவர் வீடியோ நிஜமா? எந்திரன் மாதிரி ரோபோ நிஜமாகவே வந்துவிடுமா? ஓட்டு மெஷினில் தில்லுமுல்லு பண்ண முடியுமா?

எனக்கு இந்த இரண்டாவது பேச்சுத்தான் பிடிக்கும். கம்ப்யூட்டர், விஞ்ஞானம், சினிமா, அரசியல் எல்லாம் ஒரே டம்ளரில் கலந்து வருகிற பேச்சு. கேள்விகள் அத்தனையும் அசல் கேள்விகள். தமிழில் உட்கார்ந்து பதில் சொல்லத்தான் ஆள் குறைந்துபோய்விட்டது. தொழில்நுட்பம் என்ற தலைப்பில் இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் புதுப் போனின் விலையும் கேமராவின் மெகாபிக்சலும்தான். வாங்குகிறவருக்கு அது போதும். யோசிக்கிறவருக்குப் போதாது.

ஒரு காலத்தில் நிலைமை இப்படி இல்லை. ஸ்ரீரங்கம் எஸ். ரங்கராஜன் என்கிற சுஜாதா (1935–2008) கணையாழியின் கடைசிப் பக்கத்திலும், ஜூனியர் விகடனின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ பதில்களிலும், ஆனந்த விகடனின் ‘கற்றதும் பெற்றதும்’ பத்தியிலும் செய்தது இதைத்தான். சிலிக்கன் சில்லு, ஆழ்வார் பாசுரம், அந்த வாரம் பார்த்த படம் என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சரளமாகப் போவார். வாசகர்களும் கூடவே போனார்கள். பாடம் நடத்துகிற தோரணை அவரிடம் கிடையாது. ‘இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஏன் என்று சொல்கிறேன் கேளுங்கள்’ என்கிற உற்சாகம் மட்டும் இருக்கும். அந்த உற்சாகத்துக்கு எடை எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். அவர் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை அங்கே உருவாக்கிய குழுவை மேற்பார்த்தவர். மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு வந்து பேசியவர்.

ஆகவே ஓட்டு மெஷினிலிருந்தே தொடங்குகிறேன்.

வாக்குச்சாவடியில் நாம் பார்ப்பது பாதி இயந்திரம்தான். மறைப்புக்குப் பின்னால் நம் கைக்கு எட்டுவது வாக்களிக்கும் பெட்டி. ஒரு பெட்டியில் 16 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் பெயர், சின்னம், சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு, நீலப் பொத்தான். அங்கிருந்து ஒரு கேபிள் போகிறது. மறுமுனையில் தேர்தல் அலுவலரின் மேசைமேல் இருப்பது கட்டுப்பாட்டுப் பெட்டி. அவர் அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால்தான் நம் பெட்டிக்கு உயிர் வரும், அதுவும் ஒரே ஒரு ஓட்டுக்கு. நாம் நீலத்தை அழுத்துகிறோம், சிவப்பு எரிகிறது, நீளமாக ஒரு ‘பீப்’, அவ்வளவுதான். அடுத்தவருக்காக அலுவலர் மறுபடி அழுத்தும்வரை நம் பெட்டி மரக்கட்டை. எல்லாம் பேட்டரியில் ஓடுகிறது. கரண்ட் இல்லாத மலைக்கிராமத்திலும் ஓடும்.

இந்த இயந்திரத்தின் பெருமை அதற்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதில் இருக்கிறது. இணையம் தெரியாது. கட்சி தெரியாது. எத்தனையாவது பொத்தான் எத்தனை முறை அழுத்தப்பட்டது என்பது மட்டும் தெரியும். ஒரு வேலைக்கு என்ன தேவையோ அதற்குமேல் ஒரு அணுவும் வைக்காமல் ஒரு கருவியைச் செய்வது பொறியியலில் மிகக் கடினமான காரியம். அதற்காகவே அந்தக் குழுவினர்மேல் எனக்குத் தீராத மரியாதை உண்டு.

சந்தேகம் கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கேரளத்தின் பரவூரில் 1982இல் 50 சாவடிகளில் முதன்முறையாக இந்த இயந்திரத்தை வைத்தார்கள். இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, அந்தச் சாவடிகளில் சீட்டை வைத்து மறுபடி ஓட்டுப் போட்டார்கள். 1989இல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 2004இல்தான் மக்களவைத் தேர்தல் முழுக்க இயந்திரத்துக்கு மாறியது. பிறகு ஒப்புகைச் சீட்டு வந்தது. கண்ணாடிக்குள் ஏழு விநாடி நின்று விழும் அந்தச் சீட்டு நல்ல சேர்க்கை. எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவரும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம். ஆனால் சீட்டில் சின்னம் அச்சாக வேண்டுமே, அதற்காகத் தேர்தலுக்குச் சில நாள் முன்னால் வெளியிலிருந்து சின்னங்களை அந்தச் சீட்டை அச்சடிக்கும் பெட்டிக்குள் ஏற்ற வேண்டியிருக்கிறது. சின்னமே தெரியாதிருந்த இயந்திரத்துக்கு இப்போது அதுவும் கொஞ்சம் தெரியும். சின்னம் ஏற்றும் கருவியையும் முத்திரை வைத்து, முடிவு வந்தபின் 45 நாள் பாதுகாக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதற்குப் பின்னணி இதுதான். ‘தில்லுமுல்லு நடக்குமா’ என்று ஒண்டிக்கடையில் கேட்பவரிடம் ‘நடக்காது போ’ என்று தட்டிவிடுவதைவிட, கேபிள் எங்கே போகிறது, சின்னம் எப்போது ஏறுகிறது, முத்திரையை யார் பார்க்கிறார்கள் என்று எடுத்துச் சொல்வதே அவருக்குச் செய்கிற மரியாதை.

ஓட்டு மெஷின் கதையில் ஏற்காட்டுக்குத் தனி உரிமை வேறு இருக்கிறது. தமிழ்நாட்டு வாக்குச்சாவடியில் ‘நோட்டா’ பொத்தான் முதன்முதலாக வந்தது 2013 டிசம்பர் 4 அன்று நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில்தான். உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது அதே ஆண்டு செப்டம்பர் 27. இரண்டு மாதம் சொச்சத்தில் அந்தக் கடைசி வரிசை ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு ஏறிவிட்டது. தமிழ்நாட்டிலேயே ‘யாரும் வேண்டாம்’ என்று முதலில் பொத்தானை அழுத்தியவர்கள் இந்தத் தொகுதிக்காரர்கள்.

சுஜாதாவைப் போலத் தொழில் ஒன்று, ஆர்வம் இன்னொன்று என்று வாழ்ந்தவர்கள் ஏற்காட்டுக்குப் புதிதில்லை. ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக்கல் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858இல் சேர்ந்தவர். பாறைகளைப் பார்த்து வரைபடம் போடுவதுதான் சம்பளத்துக்கான வேலை. ஐரோப்பாவில் ஆதிமனிதனின் கல் ஆயுதங்கள் கிடைக்கின்றன என்று படித்த நாளிலிருந்து அவர் கண் தரையிலேயே இருந்தது. 1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைமண்ணில் ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்திய வரலாறு அன்று பின்னோக்கிப் பல லட்சம் ஆண்டு நீண்டது. அதே ஆண்டு அவர் வில்லியம் கிங்குடன் போய்ப் பார்த்த அத்திரம்பாக்கத்தின் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று சாந்தி பப்புவின் குழு 2011இல் அறிவித்தது. ஏற்காட்டில் வாழ்ந்து, சேர்த்ததையெல்லாம் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டு, 1912இல் மறைந்தார் ஃபூட். படகுச் சவாரிக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தில் பத்தில் ஒருவராவது அந்த நினைவுக்கல்லைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும் என்பது என் ஆசை.

மலைக்குக் கீழே சினிமா. சேலத்திலிருந்து ஏற்காடு வரும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இன்றும் நிற்கிறது. அதை நிறுவிய டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அங்கே உருவானது என்பது பலருக்குத் தெரியும். எனக்கு அதைவிடப் பிரியமானது 1952இல் ஹாலிவுட்டின் லிப்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த ‘காடு’. காட்டு யானைகள் மிரண்டு ஓடுகின்றன. எதைக் கண்டு மிரள்கின்றன என்று வேட்டைக்காரன் தேடிப் போகிறான். பார்த்தால் அழிந்துபோன மாமத்துகள்! கிராபிக்ஸ் இல்லாத காலம். நம்மூர் யானைகளின் உடம்பில் சடைசடையாக ரோமத்தைப் போர்த்தி மாமத் ஆக்கினார்கள்.

குழந்தைத்தனம் என்று இதைத் தள்ள என்னால் முடியாது. மரபணுக்களைப் படித்துப் பார்த்ததில், மாமத்துக்கு உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு ஆசிய யானைதான் என்று தெரிந்திருக்கிறது. ஆப்பிரிக்க யானையைவிட மாமத்துதான் நம் யானைக்குக் கிட்டத்துச் சொந்தம். மாமத்தை மீட்டுக்கொண்டு வருவோம் என்று 2021இல் தொடங்கிய அமெரிக்காவின் கொலோசல் பயோசயின்சஸ், ஆசிய யானையின் மரபணுவைத் திருத்தித்தான் அதைச் செய்யப் பார்க்கிறது. 2025 மார்ச்சில் அவர்கள் காட்டியது ஏழு மரபணுக்களைத் திருத்தி உண்டாக்கிய, நீள ரோமம் வளர்ந்த சுண்டெலி. யானைக்கு ரோமம் வைக்கிற வேலையை மாடர்ன் தியேட்டர்ஸ் ரோமப் போர்வையால் செய்தது, இவர்கள் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவியால் செய்கிறார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், அந்தப் பணமும் மூளையும் உயிரோடிருக்கும் ஆசிய யானைக்குக் காட்டையும் வழித்தடத்தையும் மீட்டுத்தரப் போகட்டும். சுண்டெலி அருமையான விஞ்ஞானம், மறுக்கவில்லை. ஆனால் ரோமம் வளர்ந்த யானை மாமத் ஆகிவிடாது.

சினிமாக்காரர்களின் ஊகங்கள் சில நேரம் நன்றாகவே பலிக்கும். சுஜாதா எழுதிய ‘விக்ரம்’ 1986இல் வந்தது. கதையில் களவு போகும் ஏவுகணையின் பெயர் அக்னிபுத்திரன். 1989 மே 22 அன்று இந்தியா நிஜமாகவே ‘அக்னி’யை ஏவியது. ‘எந்திரன்’ (2010) படத்தில் கதை வேறு. ரோபோ சிட்டியின் வேகம் ஒரு டெராஹெர்ட்ஸ், நினைவகம் ஒரு ஜெட்டாபைட் என்று வரும். வேகத்தில் படம் தவறிவிட்டது. 2005 வாக்கில் நான்கு கிகாஹெர்ட்ஸை நெருங்கிய பிராசசர்கள் அதற்குமேல் அதிகம் ஏறவே இல்லை, காரணம் சூடு. சில்லு தன் வெப்பத்தையே தாங்காது. இன்றைய ஏ.ஐ. அதிவேகமான ஒரே மூளையில் ஓடவில்லை. இரண்டு கிகாஹெர்ட்ஸ் அளவில் நடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச்சின்னக் கணக்குப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் பெருக்கிக் கூட்டுவதால் ஓடுகிறது. விளையாட்டுப் படம் காட்டச் செய்த கிராபிக்ஸ் சில்லுகளே அந்தக் கணக்குப்பிள்ளைகள். வீடியோ கேம் ஆடிய பிள்ளைகளைத் திட்டிய பெற்றோருக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலில் 2021இல் நாட்டை ஆளும் ஜீவா வெறும் ஒளிப் பிம்பம் என்று கடைசியில் தெரியவரும். விகடனில் தொடராக வந்தபோது அது கற்பனை. 2024 ஜனவரியில் சேலம் மாவட்டம் பெத்தநாயக்கன்பாளையத்தில் நடந்த தி.மு.க. இளைஞரணி மாநாட்டில், 2018இல் மறைந்த மு. கருணாநிதி ஏ.ஐ. உருவில் திரையில் தோன்றிப் பேசினார். மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’க்கு (1950) வசனம் எழுதியவர் அவர். தன் பேனாவால் புகழ்பெற்ற அதே மாவட்டத்தில், தான் எழுதாத வசனத்தைத் தன் குரலில் பேச வேண்டியதாயிற்று. அதே மாதம் ‘லால் சலாம்’ படப் பாட்டு ஒன்றில் மறைந்த ஷாகுல் ஹமீதின் குரலையும் பம்பா பாக்யாவின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் கொண்டுவந்தார். குடும்பத்தினரின் சம்மதம் வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அது நேர்மையான வழி. என்றாலும் பாட்டும் அரசியல் உரையும் ஒன்றில்லை. பாடகர் குரலால் ஒரு மெட்டைப் பாடவைக்கலாம், இறந்தவர் வாயில் ஒரு கருத்தை வைப்பது கூடாது என்பது என் உறுதியான எண்ணம். குடும்பமோ கட்சியோ சம்மதித்தாலும் அந்தக் கருத்து அவருடையது ஆகாது. குறைந்தபட்சம், பேசுவது இயந்திரம் என்ற வரி முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை திரையில் இருக்க வேண்டும்.

ஏ.ஐ. வேலையைத் தின்னுமா என்ற பெங்களூர்க் கேள்வியைவிட எனக்கு அதிகம் உறுத்தும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஏ.ஐ. நம் எழுத்தைச் சரியாக மெல்லுகிறதா? ‘ஏற்காடு’ என்று எழுதிப் பாருங்கள். ஏ, ற், கா, டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நாலே எழுத்து. யூனிகோடுக்கு ஏழு: ற தனி, மேலே உள்ள புள்ளி தனி, க தனி, கால் தனி, ட தனி, உகரக்குறி தனி, முதலில் நிற்கும் ஏ. வழக்கமான UTF-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக ஏழு மூன்று இருபத்தொன்று. ஆங்கிலத்தில் அதே ஊர்ப்பெயர் ஏழு எழுத்து, ஏழு பைட். ஏ.ஐ. மாடல்கள் வாக்கியத்தை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும். எத்தனை டோக்கனோ அத்தனை காசு, அத்தனை நேரம். ஆங்கிலச் சொற்களை முழுசாக அறிந்திருந்த பழைய வெட்டுக்கத்திகள் தமிழைப் பொடிப்பொடியாக நறுக்கின. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓப்பன்ஏஐ ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. ஒரே சிறு பத்திக்கு முன்பு ஆங்கிலத்தில் 27 டோக்கன், தமிழில் 116. புதுக் கத்தியில் ஆங்கிலம் 24, தமிழ் 35.

116இலிருந்து 35! அந்த மாதம் வந்த ஏ.ஐ. செய்திகளில் இதைவிடப் பெரிய செய்தி தமிழருக்கு வேறு இல்லை. ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடமோ, இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊரில் ஒரு சுகாதார ஊழியரோ இதைப் பயன்படுத்த ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் ஒரே நாளில் குறைந்தது. அப்போது கவனத்தைக் கவர்ந்த செய்தியெல்லாம் அந்த மாடலின் குரல் எந்த நடிகையைப் போல இருக்கிறது என்பதாக இருந்தது. நடிகை செய்தியும் வேண்டியதுதான், அதோடு இதுவும் வந்திருக்க வேண்டும். வெட்டுக்கத்திகளைச் சோதித்துப் பார்க்கும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஒண்டிக்கடையில் நின்று கேள்வி கேட்ட பையன்களிடம், அவரவர் பெயரைத் தமிழில் போட்டு எத்தனை துண்டாகிறது என்று எண்ணச் சொன்னேன். புது மாடல் ஒவ்வொன்று வரும்போதும் நான் முதலில் போட்டுப் பார்ப்பது ‘ஏற்காடு’.