யோகா எப்போ? தூக்கம் எப்போ? ஆறு பொழுதும் ஒரு கடிகாரமும்



புது செமஸ்டர் ஆரம்பிச்சா ஹாஸ்டல்ல ரெண்டு சபதம் கண்டிப்பா காதுல விழும். ஒண்ணு, "நாளையிலிருந்து காலை 5 மணிக்கு எழுந்து யோகா." இன்னொண்ணு, "இனிமே 11 மணிக்கெல்லாம் தூக்கம்." ரெண்டும் பெரும்பாலும் ஒரு வாரத்தைத் தாண்டுறதில்லை. உடனே "சோம்பேறித்தனம் மச்சான்"னு நாமளே தீர்ப்பும் சொல்லிடுறோம். ஆனா சோம்பேறித்தனத்தை விட நேரக்கணக்குதான் இதுல பெரிய காரணம். அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம்.

இது மார்க் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. 1997-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று காட்டியது. நம்ம நாட்டுச் சட்டப்படி வண்டி ஓட்டுறவங்களுக்கு உச்ச வரம்பே 0.03 சதவீதம்தான். காலை 7 மணிக்கு எழுந்தவர் நள்ளிரவு 12 மணிக்கே 17 மணி நேரத்தைத் தொட்டுடுவார். ராத்திரி முழுக்க ப்ராஜெக்ட் வேலை பார்த்துட்டு விடியக்காலையில பைக்கை எடுத்துக்கிட்டு ஊருக்குக் கிளம்புறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை மனசுல போட்டுப் பாருங்க.

உடம்புக்குள்ள ரெண்டு சர்க்யூட்

தூக்கத்தை ரெண்டு விஷயங்கள் சேர்ந்து தீர்மானிக்குதுன்னு 1982-ல் சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பெலி ஒரு மாதிரியை முன்வைத்தார். நம்ம பாஷையில சொன்னா ஒண்ணு கெப்பாசிட்டர், இன்னொண்ணு ஆசிலேட்டர்.

கெப்பாசிட்டர் என்பது தூக்க அழுத்தம். நாம விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துக்கிட்டே போகும். தூங்கும்போது அது டிஸ்சார்ஜ் ஆகும். டீயிலும் காபியிலும் உள்ள கஃபீன் இந்தச் சார்ஜைக் குறைக்கிறதில்லை. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, மீட்டரை மட்டும் மறைக்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 5 முதல் 6 மணி நேரம். சாயங்காலம் 6 மணிக்குக் குடிச்ச காபியில பாதி, ராத்திரி 11 மணிக்கும் உள்ளேயே இருக்கும்.

ஆசிலேட்டர் என்பது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏறத்தாழ 20,000 நரம்பு செல்கள் கொண்ட சின்னக் கூட்டம் அது. இந்தக் கடிகாரம் செல்லுக்குள்ளே எப்படி ஓடுது என்பதைக் கண்டுபிடிச்சதுக்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூணு பேருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைச்சது.

இந்த ஆசிலேட்டருக்கு ஒரு சின்னக் குறை உண்டு. மனுஷங்களுக்கு அதன் சராசரி சுற்று 24 மணி நேரம் 11 நிமிஷம். தனியா ஓடவிட்டா தினமும் கொஞ்சம் கொஞ்சமா பின்தங்கும். அதைச் சரிபண்ற சிங்க் சிக்னல்தான் வெளிச்சம். இதுக்காகவே நம்ம விழித்திரையில் தனி செல்கள் இருக்கு. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிதான் அவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும். காலை வெயில்லயும் அது இருக்கு, போன் ஸ்கிரீன்லயும் இருக்கு.

1938-ல் நதானியேல் கிளைட்மன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனும் அமெரிக்காவின் மாமத் குகைக்குள்ளே 32 நாள் தங்கி, ஒரு நாளுக்கு 28 மணி நேரம் என்று வாழ்ந்து பார்த்தார்கள். மாணவர் ஒரு மாதிரி பழகிட்டார். பேராசிரியரின் உடல் வெப்பமோ, வெளிச்சமே இல்லாத அந்தக் குகையிலும் பழைய 24 மணி நேரச் சுற்றிலேயே ஏறி இறங்கியது. கடிகாரம் உள்ளேயே இருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

நம்ம வயசுக்கு ஒரு சலுகை

"வீட்டுல தாத்தா 4 மணிக்கே எழுந்துடுறார், உனக்கு என்ன?"ன்னு கேட்பாங்க. பதில் இருக்கு. குழந்தையா இருக்கும்போது சீக்கிரம் தூங்குற நம்ம கடிகாரம், பதின்வயதில் தாமதமாகிக்கொண்டே போய், 20 வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு மெதுவாகத் திரும்புகிறது. 2004-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்தத் திருப்பத்தையே பதின்பருவம் முடிவதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. அதாவது வாழ்நாளிலேயே ரொம்பத் தாமதமான கடிகாரத்தோட இருக்கிற காலத்துலதான் நமக்கு 8:30 மணி வகுப்பு வைக்கிறாங்க! சலுகை இருக்குங்கிறதுக்காக 3 மணி வரைக்கும் முழிச்சிருக்கலாம்னு அர்த்தம் இல்லை. தாத்தாவோட டைம்டேபிளை அப்படியே காப்பி அடிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

ஆறு சிறுபொழுதும் யோகாவும்

ஸ்கூல்ல தமிழை இரண்டாம் பாடமா படிச்சவங்களுக்கும் இது ஞாபகம் இருக்கும். நம்ம இலக்கணம் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் 10 நாழிகை, அதாவது 4 மணி நேரம். மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின அந்த ஆறையும் இந்தக் கடிகாரத்தோட பொருத்திப் பார்ப்போம்.

வைகறை (2 முதல் 6 மணி வரை): சரியான நேரத்துல தூங்குறவங்களுக்கு உடல் வெப்பம் இந்தப் பொழுதில்தான் அடிமட்டத்துக்கு இறங்கும். வழக்கமா எழும் நேரத்துக்குச் சுமார் 2 மணி நேரம் முன்பு அது நடக்கும். யோக மரபில் சொல்லும் பிரம்ம முகூர்த்தமும் இதில்தான் வருது. சூரிய உதயத்துக்கு 96 நிமிஷம் முன்னாடி தொடங்கி, 48 நிமிஷம் முன்னாடி முடியும். ராத்திரி 9 மணிக்குத் தூங்கினவங்களுக்கு அமைதியான, அருமையான நேரம். 1 மணிக்குத் தூங்கினவங்க அலாரம் வச்சு எழுந்தா, தூக்கத்தின் கடைசிப் பகுதியைத்தான் வெட்டி எறியறாங்க. கனவுத் தூக்கம் அதிகமா வர்றது அந்தக் கடைசிப் பகுதியில்தான். யோகாவுக்காகத் தூக்கத்தை வெட்டினா, ஒரு பக்கம் கிடைச்சதை மறுபக்கம் விட்ட கதைதான்.

காலை (6 முதல் 10 வரை): கடிகாரத்தைச் சிங்க் பண்ண இதுதான் நேரம். அறைக்குள்ள டியூப்லைட் தர்றது சில நூறு லக்ஸ். விடிஞ்சு ஒரு மணி நேரத்துக்கெல்லாம் வெளியே, மேகமா இருந்தாலும், ஆயிரக்கணக்கில் லக்ஸ் கிடைக்கும். அதனால யோகாவை மொட்டை மாடியிலயோ கிரவுண்ட்லயோ பண்ணுங்க. தாடாசனம், நின்ற நிலைப் பயிற்சிகள், மூச்சுப்பயிற்சி எல்லாம் இப்போ நல்லா இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். காலையில நாம 1 சென்டிமீட்டர் அல்லது கொஞ்சம் கூடுதல் உயரமா இருக்கிறதுக்கு அதுதான் காரணம். அந்த நிலையில் ஆழமா முன்னால குனிஞ்சா தட்டுகளுக்கு அழுத்தம் அதிகம். எழுந்த உடனே பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தாசனம்னு ஆரம்பிக்காதீங்க. சூரிய நமஸ்காரத்திலும் முதல் சில சுற்றுகளில் முழங்காலைக் கொஞ்சம் மடிச்சுக்கோங்க. எழுந்து ஒரு மணி நேரம் நடமாடின பிறகு தாராளமா குனியலாம்.

நண்பகல் (10 முதல் 2 வரை): மூளை நல்லா வேலை செய்ற நேரம், கிளாஸ்க்கு விட்டுடுங்க. மெஸ் சாப்பாட்டுக்குப் பிறகு 3 மணி நேரமாவது ஆசனம் வேண்டாம். உடனே பண்ணலாம்னா வஜ்ராசனத்தில் உட்காரலாம்.

எற்பாடு (2 முதல் 6 வரை): மதியம் கண் சொக்குறதுக்குச் சாம்பார் சாதம் மட்டும் காரணம் இல்லை. அந்த நேரத்துல கடிகாரத்திலேயே ஒரு சின்னப் பள்ளம் இருக்கு. தூங்கணும்னா 3 மணிக்குள்ள 20 நிமிஷம் போதும். அதுக்கு மேல போனா ஆழ்ந்த தூக்கத்துல இறங்கிடுவோம். எழுந்ததும் தலை பாரமா இருக்கும், ராத்திரிக்குச் சேர்த்து வச்ச சார்ஜும் குறைஞ்சிடும். கடைசி டீ, காபியையும் இந்தப் பொழுதின் தொடக்கத்திலேயே முடிச்சுக்கோங்க.

மாலை (6 முதல் 10 வரை): சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணிக்குள்ள உடல் வெப்பம் உச்சத்தில் இருக்கும். தசையும் மூட்டும் நல்லா வளைஞ்சு கொடுக்கும். காலையில முழங்கால் வரைக்கும்தான் கை போகுதுன்னு சலிச்சுக்கிறவங்க, அதே ஆசனத்தை 6 மணிக்குப் பண்ணிப் பாருங்க. கஷ்டமான ஆசனங்களைக் கத்துக்க இதுதான் சரியான நேரம். "ராத்திரி உடற்பயிற்சி பண்ணா தூக்கம் வராது"ங்கிறது பொதுவா உண்மை இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2019-ல் வெளியான கட்டுரை, மாலைப் பயிற்சி தூக்கத்தைக் கெடுப்பதில்லை என்றும், படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் முடியும் கடுமையான பயிற்சிதான் சிக்கல் என்றும் சொன்னது. ஆகவே 9 மணிக்குப் பிறகு வேகமான சூரிய நமஸ்காரம், கபாலபாதி, பஸ்த்ரிகா வேண்டாம்.

யாமம் (10 முதல் 2 வரை): தூக்கத்துக்கான பொழுது. வழக்கமான தூக்க நேரத்துக்குச் சுமார் 2 மணி நேரம் முன்பே மெலடோனின் சுரக்க ஆரம்பிக்கும். பளிச்சுனு லைட்டும் ஸ்கிரீனும் அதை அமுக்கும். படுக்கிறதுக்கு முன்னாடி 15 நிமிஷம் போதும்: சுவரில் காலை உயர்த்தி விபரீதகரணி 5 நிமிஷம், மகராசனம் 3 நிமிஷம், மிச்ச நேரம் சவாசனத்தில் மெதுவான மூச்சு. நிமிஷத்துக்கு 6 மூச்சு, அதாவது 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. மூச்சை இப்படி மெதுவாக்கினா உடம்பு ஓய்வு நிலைக்கு மாறத் தொடங்கும்.

5 மணி சபதம் ஏன் தோற்குது?

இப்போ முதல்ல சொன்ன சபதத்துக்கு வருவோம். தினமும் 3 மணிக்குத் தூங்கி 10 மணிக்கு எழுறவர்னு வச்சுக்கோங்க. அவருடைய உடல் வெப்பத்தின் அடிமட்டம் காலை 8 மணி வாக்குல வரும். அடிமட்டத்துக்குப் பிறகு கண்ணில் படுற வெளிச்சம்தான் கடிகாரத்தை முன்னால கொண்டுவரும், அதாவது அடுத்த நாள் சீக்கிரம் தூக்கம் வரும். அடிமட்டத்துக்கு முன்னாடி படுற வெளிச்சம், உடம்பைப் பொறுத்தவரைக்கும் ராத்திரி வெளிச்சம். அது கடிகாரத்தை இன்னும் தாமதமாக்கும். இவர் திடீர்னு 5 மணிக்கு எழுந்து 6:30 வெயில்ல யோகா பண்ணா என்ன ஆகும்? தூக்கமும் போச்சு, கடிகாரமும் எதிர்ப்பக்கம் போச்சு. நாலாவது நாள் சபதம் முடிஞ்சிடும்.

சரியான வழி: ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, எழுற நேரத்தை அரை மணி நேரம் முன்னால கொண்டுவாங்க. எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போங்க, 20 நிமிஷ யோகாவை அந்த வெளிச்சத்திலேயே வச்சுக்கோங்க. 10 மணியிலிருந்து 6 மணிக்கு வர 16 நாள் ஆகும். தூங்குற நேரத்தை வலுக்கட்டாயமா இழுக்க வேண்டாம், அது தானா பின்தொடரும். ஞாயிற்றுக்கிழமையும் எழுற நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல மாறக் கூடாது. மாறினா, திங்கட்கிழமை வேற நாட்டு நேரத்துல எழுந்த மாதிரிதான் இருக்கும்.

உங்களுக்கு ஒரு டைம்டேபிள்

ஹாஸ்டல் மாணவர்களுக்கு: 6:30-க்கு எழுந்து, 6:45 முதல் 7:05 வரை மாடியில யோகா. வாரத்துல மூணு நாள் சாயங்காலம் 5:30-க்கு அரை மணி நேரம் ஆசனப் பயிற்சி. 10:30-க்கு லைட்டைக் குறைச்சு 15 நிமிஷம் ஓய்வுப் பயிற்சி. 11-க்குத் தூக்கம். கணக்குப் போட்டா ஏழரை மணி நேரம்.

5:30-க்கே எழுந்து காலேஜ் பஸ் பிடிக்கிறவங்களுக்கு: காலை யோகாவை மறந்துடுங்க. பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து வெளிச்சம் வாங்குங்க. வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்கு முன்னாடி 6 மணிக்கு யோகா. 10 மணிக்குத் தூக்கம். காலையில பண்ணாததால் புண்ணியம் குறைஞ்சிடாது!

எக்ஸாம் நேரத்துல: நேரம் இல்லைன்னா யோகாவைக் குறைங்க, தூக்கத்தைக் குறைக்காதீங்க. ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும்தான் படிச்சதை ஞாபகத்துல பதிய வைக்குது. கடைசி யூனிட்டை விடிய விடிய படிச்சுட்டு, முதல் நாலு யூனிட்டை ஹால்ல மறந்து நிக்கிறதுல என்ன லாபம்?

ரெண்டு விஷயம் மட்டும் கவனத்துல வைங்க. வாரத்துக்கு மூணு ராத்திரிக்கு மேல தூக்கம் வராம மூணு மாசம் ஓடிட்டா, அல்லது சத்தமான குறட்டையோட மூச்சுத் திணறி எழுந்தா, யோகா மட்டும் போதாது, டாக்டரைப் பாருங்க. முதுகுத் தட்டுப் பிரச்சினை, உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் இருக்கிறவங்க விபரீதகரணி மாதிரியான ஆசனங்களை ஒரு நல்ல ஆசிரியர்கிட்ட கேட்டுட்டுப் பண்ணுங்க.

யோகாவை அளந்து பார்க்கிற பழக்கம் நமக்குப் புதுசு இல்லை. 1924-லேயே லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தா கைவல்யதாமா நிறுவனத்தைத் தொடங்கி, ஆசனத்தையும் மூச்சையும் கருவிகளோட ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சுட்டார். நீங்களும் ஒரு நோட்டுல 16 நாளைக்கு மூணே மூணு விஷயம் எழுதுங்க: தூங்கின நேரம், எழுந்த நேரம், யோகா பண்ண நேரம். எந்தப் பொழுது உங்களுக்குப் பொருந்துதுன்னு அந்த நோட்டே சொல்லிடும். இன்னைக்கு ராத்திரியே முதல் வரியை எழுதிட்டுப் படுங்க நண்பர்களே!